மாக்கோழியும் நமது சிரிப்பும்

கொலை செய்வதாக நடிப்பதும் கொலையாகுமா? அந்நடிப்பைக் கண்டு களிப்பவருக்கும் அவ்வினையில் பங்கு உண்டா? இவ்வினாக்கள் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் ஆன்றோர் ஒரு கதையின் வாயிலாக இவற்றை எண்ணி வந்துள்ளனர். எனினும் ஏட்டில் கற்ற வினா நேரில் வந்து நிற்கும்போது அதன் முகம் வேறாக இருக்கிறது. அண்மையில் கல்லூரி மாணவர்கள் நடித்த நாடகம் ஒன்றைக் காணச் சென்ற நாம் இதனை நன்கு உணர்ந்தோம்.

மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை. நகரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை மாணவர்கள் யசோதர காவியத்தை நாடகமாக்கி நடிக்கின்றனர் என்று அறிந்து, வந்தவாசிப் பகுதியிலிருந்து நம்மவர் பதினால்வர் வேன் ஒன்றில் புறப்பட்டோம். இரவில் உண்ணா நோன்புடைய முதியோர் உடன் வந்தமையால் பொழுது சாயுமுன் வழியிலேயே கட்டுச்சோறு உண்டோம். சிலப்பதிகாரம் மேடை ஏறுவது நாம் பலமுறை கண்டதே. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை மேடையில் காண்பது நம்மில் எவருக்கும் அதுவே முதல் முறை. எனவே உள்ளத்தில் பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சோமதேவ சூரி 959ஆம் ஆண்டில் 'யசஸ்திலகம்' என்னும் பெயரால் வடமொழியில் இதனை விரித்துரைத்தார். புஷ்பதந்தர் அபப்பிரம்ச மொழியில் பாடினார். வாதிராசர் வடமொழிக் காவியமாக்கினார். 1209ஆம் ஆண்டில் ஜன்னன் கன்னடத்தில் இயற்றினார். நம் காலத்தில் கிரீஷ் கர்னாட் 1980ஆம் ஆண்டு 'ஹிட்டின ஹுஞ்ஜ' என்னும் கன்னட நாடகமாக இதனை வடித்தார். அத்தொடர் மாவினால் ஆன சேவல் என்னும் பொருளது. இத்தனை பேரறிஞரை ஒரு சிறு மாக்கோழி ஈர்த்திருக்கின்றது எனில், அதனுள் பொதிந்துள்ள வினா சிறியதாக இருத்தல் இயலாது.

கதையை இளைய வாசகர்க்காகச் சுருங்கக் கூறுவோம். உஞ்சை மன்னன் யசோதரன். அவன் மனைவி அமிர்தமதி. ஒரு நாள் இரவின் கடையாமத்தில், யானைக் கொட்டிலிலிருந்து எழுந்த இனிய பாடல் அரசியின் செவியில் விழுந்தது. பாடியவன் அட்டபங்கன் என்னும் யானைப்பாகன். அவன் உடல் பல குறைகள் உடையது. தோழி சென்று கண்டு வந்து அதனை எடுத்துரைத்தும் அரசியின் மனம் திரும்பவில்லை. அவள் ஒழுக்கம் தவறியதைக் கண்ணுற்ற அரசன் வாளை உருவினான், பின்னர் அடக்கினான். உள்ளம் நொந்த அவன் தன் தாய் சந்திரமதியிடம் உண்மையைக் கூறாது, தீக்கனவு கண்டதாக உரைத்தான். தேவிக்கு உயிர்ப்பலி இடுக என்றாள் தாய். உயிரைக் கொல்லேன் என்று அவன் மறுத்தான். அங்ஙனமாயின் மாவினால் ஒரு கோழி செய்து பலியிடுக என்றாள். அவன் இசைந்தான். அவ்வொரு வெட்டின் பயனாக, அரசியின் நஞ்சால் இறந்த தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராய்ப் பிறந்து, இளமையிலேயே தவநெறி நின்றனர். அவ்விருவரையே மாரிதத்தன் என்னும் வேந்தன் பலிபீடத்தின் முன் நிறுத்துகிறான். அவர்கள் கூறும் தம் முற்பிறப்பு வரலாறே காவியம்.

மாணவர்கள் நன்றாக நடித்தனர். திரைச்சீலைகள் பழையவை, மணிமுடி அட்டையால் ஆனது, ஒலிபெருக்கி இடையிடையே கரகரத்தது. ஆயினும் பலிக் காட்சியில் அரங்கம் முழுதும் அசைவற்று இருந்தது. சந்திரமதியாக நடித்த மாணவி மேடையிலேயே அரிசி மாவைப் பிசைந்து கோழியை உருவாக்கினார். கொண்டைக்குச் செம்மண் குழைத்துப் பூசினார். மகன் கையில் வாளைக் கொடுத்தார். வாள் இறங்கிய அக்கணத்தில் திரைக்குப் பின்னிருந்து ஒரு சேவலின் கூவல் எழுந்து பாதியில் அறுந்தது. நம் அருகில் இருந்த மூதாட்டியார் 'அருகா' என்று வாய்விட்டுக் கூறினார்.

திரும்பும் வழியில் வேனுக்குள் பெரும் சொல்லாடல் நிகழ்ந்தது. அரசனாக நடித்த இளைஞர் நம் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை நாடகம் முடிந்த பின்னரே அறிந்திருந்தோம். "நடிப்பேயாயினும் நம் வீட்டுப் பிள்ளை வாளை எடுத்து வெட்டலாமோ? அந்த அரசனும் நடிப்பாகத்தானே மாக்கோழியை வெட்டினான்?" என்று மூதாட்டியார் கேட்டார். எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று அது.

நாம் இவ்வாறு விடை கூறினோம். தத்துவார்த்த சூத்திரம், மனம் மொழி மெய்கள் சோர்வுற்று நெறி பிறழ்ந்து இயங்கும் நிலையில் உயிர்க்கு ஊறு செய்தலையே இம்சை என வரையறுக்கின்றது. ஆகவே செயலுக்கு முன் உள்ளம் எங்ஙனம் இருந்தது என்பதே நோக்கத்தக்கது. யசோதரன் மாவை மாவாக எண்ணி வெட்டவில்லை. சேவலாக எண்ணி, தேவி அதனைச் சேவலாகவே ஏற்க வேண்டும் என்னும் கருத்தோடு வெட்டினான். கொல்லும் எண்ணம் அங்கே முழுமையாக இருந்தது. கொல்லப்படும் உயிர் மட்டுமே இல்லை. மாணவரோ, அவ்வெண்ணம் எத்துணைக் கொடியது என்பதைப் பிறர் உணர வேண்டும் என்பதற்காக வாளை எடுத்தார். மாவு ஒன்றே, மனம் இரண்டு. இவ்விடையை அனைவரும் ஏற்றனர். நாமும் நன்கு விளக்கினோம் என்னும் நிறைவோடு சாய்ந்து அமர்ந்தோம்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஓட்டுநர் தேநீர் அருந்துவதற்காகச் சாலையோரக் கடையில் வேனை நிறுத்தினார். சிறுவன் ஒருவன் கீழே குதித்து, முதுகை வளைத்து, காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். அட்டபங்கனாக நடித்த மாணவரின் நடை அது. நம்மில் சிலர் சிரித்தோம். அவன் தாயும் சிரித்தவாறே, "போதும், வா" என்றார். அப்போது வேனின் படியில் கைத்தடியை ஊன்றி நம் நண்பர் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பியவர். தம் ஊர் ஜினாலயத்தின் கணக்கைப் பல்லாண்டுகளாக எழுதி வருபவர். அங்கே காலையில் தோத்திரம் பாடும் குரலும் அவருடையதே. சிறுவன் அவரைக் கண்டு நின்றான். அவர் அவன் தலையைத் தடவிவிட்டு அப்பால் சென்றார்.

வழி நெடுக அவர் ஒரு சொல்லும் கூறாதது அப்போதுதான் நமக்கு நினைவுக்கு வந்தது. அரங்கில் நிகழ்ந்ததும் உடன் நினைவுக்கு வந்தது. அட்டபங்கனின் பாடல் முதலில் இருளில் ஒலித்தது. அம்மாணவருக்கு அருமையான குரல். அரங்கமே மூச்சடக்கிக் கேட்டது. பின்னர் விளக்கின் ஒளி அவர்மீது விழுந்தது. கூனிய முதுகும் கோணிய வாயும் இழுத்த காலும் தோன்றவே அரங்கம் சிரிப்பால் அதிர்ந்தது. எந்தக் குரலுக்காக மூச்சடக்கினோமோ, அக்குரலுக்கு உரிய உடலைக் கண்டு சிரித்தோம். அவர் இரண்டாம் முறை தோன்றியபோது சிரிப்பு இன்னும் பெருகியது. மூன்றாம் முறையோ அவர் தோன்றுவதற்கு முன்பே, வரப்போகிறார் என அறிந்து சிரித்தோம். மாணவரும் நம் சிரிப்புக்கு ஏற்ப நடையை மேலும் மேலும் கோணலாக்கினார்.

பாகனின் உடற்குறையைக் காவியப் புலவரும் விரித்துரைக்கின்றாரே எனலாம். உண்மையே. ஆனால் அறிவிழந்த வேட்கை எத்துணை வலியது என்று காட்டுதற்கே அவர் அதனைக் கூறினார், நகைத்தற்கு அன்று. இதில் நாம் நாணத்தக்கது ஒன்றும் உண்டு. அமிர்தமதி கற்பு நெறி தவறினாள், கணவனுக்கு நஞ்சிட்டாள், காவியம் அவளைப் பொறுக்கவில்லை. ஆயினும் பிறர் உடற்குறை கண்டு இகழ்ந்த குற்றம் மட்டும் அவளிடம் இல்லை. அந்தக் குற்றத்தை அன்று மாலை அரங்கில் இருந்த நல்லோராகிய நாம் செய்தோம்.

சிரிப்பு தானே எழுவதன்றோ, அதுவும் பாவமோ என்று சிலர் வினவக்கூடும். நம் ஆசிரியர்கள் இதனை மிக நுணுகி ஆய்ந்துள்ளனர். கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் 4 கஷாயங்களோடு, அவற்றுக்குத் துணை நிற்கும் 9 நோகஷாயங்களையும் அவர்கள் எண்ணினர். அவற்றுள் முதலாவது நகை. அருவருப்பும் அவற்றுள் ஒன்று. அமிருதசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், செருக்கு, அச்சம், அருவருப்பு, நகை முதலியன யாவும் இம்சையின் வேறு பெயர்களே என்று கூறுகின்றார். கள்ளமற்ற மகிழ்ச்சியை அவர்கள் வெறுத்தனர் என்பது இதன் பொருளன்று. அருவருப்போடு கலந்து, நாம் உயர்ந்தோம் அவன் தாழ்ந்தான் என்னும் செருக்கோடு எழும் நகையை அவர்கள் அறிந்திருந்தனர். முதல் முறை சிரித்தது வினையின் உதயத்தால் நம்மை அறியாது எழுந்ததாகவே இருக்கட்டும். மூன்றாம் முறை நாம் காத்திருந்து சிரித்தோம். காத்திருப்பதில் எண்ணம் உண்டு.

வினை வரும் வழிகளை நம் நூல்கள் 108 எனக் கணக்கிடுகின்றன. எண்ணுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், செய்யத் தொடங்குதல் என 3. அவை மனம், மொழி, மெய் என்னும் 3 வாயில்களாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் 3 முறைகளாலும், 4 கஷாயங்களாலும் பெருகி 108 ஆகின்றன. செபமாலை உருட்டும்போது இக்கணக்கை நாம் நினைப்பதில்லை. இதில் நாடகம் காண்போரைப் பற்றியதும் உண்டு. உடன்படுதல் என்பதே அது. இருளில் அமர்ந்து கைதட்டுபவனும் சிரிப்பவனும் வெறுமனே இருப்பவன் அல்லன். மாணவரின் நடையை மேலும் கோணச் செய்தது நம் சிரிப்பே. ஆதலால் உடன்பட்டதோடு செய்வித்ததும் நம் கணக்கில் சேரும். மேடையில் வாள் பொய், முடி பொய், கோழி பொய். அந்த அரங்கில் மெய்யாக நிகழ்ந்தது நம் சிரிப்பு ஒன்றே.

ஒரு வாரம் கழித்து நண்பரின் இல்லத்திற்குச் சென்றோம். ஓரறிவு உயிர் முதல் ஐயறிவு உயிர் வரை அனைத்திடமும் பொறுத்தருளுமாறு நாள்தோறும் வேண்டுகின்றோம். அது எளிதாக இருக்கிறது. அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த ஒருவரிடம் அவ்வாறு வேண்டுவது எளிதாக இல்லை. மோர் கொடுத்தார், ஊர்ச் செய்தி பேசினார். இறுதியில் ஒருவாறு கூறி முடித்தோம். அவர் சற்று நேரம் வாளா இருந்தார். பின்னர், "அண்ணா, நானும்தான் சிரித்தேன். நான் சிரிக்காவிட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று சிரித்தேன்" என்றார். "பாட்டு மிகவும் நன்றாக இருந்தது. அந்தப் பிள்ளையைக் கண்டால் சொல்லுங்கள்" என்றும் கூறினார்.

நாம் எத்தனை நூல்களைக் கொண்டு எழுதினாலும் அவர் கூறியதற்கு மேல் கூறுவதற்கில்லை. ஒருவரைக் காயப்படுத்தியதோடு நில்லாது, தம் காயத்தைத் தாமே நகைக்கவும் அவரைச் செய்வித்திருக்கிறோம்.

கல்லூரி மாணவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் ஒரு மறந்த காவியத்தை நமக்கு மீட்டுத் தந்தனர். நண்பரின் பாராட்டை அந்தப் பாடகருக்கு மடல் எழுதித் தெரிவித்தோம். அடுத்த முறை நடிக்கும்போது, ஒளி விழுந்த பின்னும் பாடலை நிறுத்தாமல் தொடருமாறும் வேண்டிக்கொண்டோம். குரல் ஒலித்துக்கொண்டிருந்தால் காண்போர்க்குச் சிரிப்பு எழாதிருக்கலாம் அன்றோ?

நம் இல்லங்களில் சிறுவர்கள் பிறர் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டுவது இயல்பு. அப்போது சிரித்தவாறே 'போதும்' என்பது தடுத்தல் ஆகாது, அதுவும் உடன்படுதலே. எறும்பை மிதியாமல் நடக்கக் கற்பிக்கும் நாம் இதனையும் கற்பித்தல் வேண்டும். கற்பிப்பதற்கு முன் நாம் கற்க வேண்டும்.

நாடகத்தின் இறுதியில் பலிபீடத்தின் முன் நின்ற அபயருசியும் அபயமதியும் அச்சமின்றிப் புன்முறுவல் பூத்தனர். அந்நகையைக் கண்டு திகைத்தே மாரிதத்தன் வாளைத் தாழ்த்தினான். யாரையும் தாழ்த்தாத நகை அது. அன்று அரங்கில் அந்நகை மேடைமீது இருந்தது, நம்மிடம் இல்லை. அதனை அடையும் பேறு நமக்கும் நம் மக்களுக்கும் வாய்ப்பதாகுக.