வுடன் மறுத்த அழைப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பயிற்சியாளர் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் ஜான் வுடன். யுசிஎல்ஏ அணிக்கு 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள். நடுவே தொடர்ச்சியாக 88 வெற்றிகள். ஆனால் அவர் அங்கே பொறுப்பேற்றது 1948-இல். முதல் பட்டம் 16-வது பருவத்தில்தான் கிடைத்தது. இன்று எந்த நிர்வாகம் அவ்வளவு காலம் பொறுக்கும்?

பருவத்தின் முதல் பயிற்சியில், காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டச் சொல்லிக்கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கால் கொப்புளிக்கும். கொப்புளித்தால் ஓட முடியாது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது 1947-இல் நடந்தது. அப்போது அவர் இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் இருந்தார். தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின வீரர்கள் ஆட அங்கே தடை. அவருடைய அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார், நட்சத்திர ஆட்டக்காரர் அல்ல, மாற்று வீரர். அந்த ஒருவருக்காக வுடன் அழைப்பையே மறுத்தார். மறு ஆண்டு தடை நீங்கியது. வாக்கர் அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அணி இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றது.