எண்ணிக்கையில் அடங்காத நன்றி

ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையில் பிறருடைய ஆய்வை மேற்கோளாகக் காட்டும்போது ஒரு கடனை ஒப்புக்கொள்கிறார். "இதனை உம்மிடமிருந்து பெற்றேன்" என்னும் நன்றியறிதலே மேற்கோளின் முதற்பொருள். இன்றோ அந்த நன்றி எண்ணப்படுகிறது. எண்ணப்பட்டுப் பதவியாகவும் ஆய்வு நிதியாகவும் மாறுகிறது. பிறர் எத்தனை முறை நம் பெயரைச் சொன்னார்கள் என்பதைக் கொண்டு ஒரு வாழ்நாள் உழைப்பை அளந்துவிட இயலுமா?

1955-இல் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் அறிவியலுக்கென மேற்கோள் அட்டவணை ஒன்றை முன்மொழிந்தார். ஒரு கருத்து எங்கே ஏற்கப்பட்டது, எங்கே மறுக்கப்பட்டது என்று தேடிக் காண உதவுவதே அதன் நோக்கம். 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், ஆய்வாளரின் பணி முழுவதையும் ஒரே எண்ணில் சுருக்கும் வழியைத் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையேனும் மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் இருபது. தேடுவதற்குப் பிறந்த கருவி தீர்ப்பளிக்கும் கருவியாயிற்று.

அதே வளாகத்தில் பணியாற்றியவர், தமிழகத்தில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன். கையை இழந்தோர் பலர், இல்லாத அக்கை இன்னும் இருப்பதாக உணர்கின்றனர். அது இறுகி மடங்கி வலிப்பதாகத் துடிக்கின்றனர். அத்தகையோர் சிலருடைய முகத்தைத் தொட்டால் இல்லாத கையிலும் தொடுவுணர்வு தோன்றுவதை 1992-இல் அவர் எடுத்துரைத்தார். மூளையில் முகத்திற்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதே காரணம் என்றார். பின்னர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். நலமான கையை விரித்தபோது, இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். சிலருக்கு வலி தணிந்தது. எளிய கண்ணாடி ஒன்றே அதற்குப் போதுமானதாயிருந்தது.

அவருடைய எழுத்துகள் உலகெங்கும் பெருமளவில் மேற்கோளாயின. எனினும் அந்த எண்ணிக்கைக்குள் இருப்பவை யாவும் பாராட்டல்ல. கண்ணாடி மருத்துவம் பக்கவாத நோயாளரின் கை கால் இயக்கத்திற்கு உதவுவதாகப் பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் கூறுகின்றன. மாய உறுப்பின் வலியை எவ்வளவு தணிக்கிறது என்பதிலோ கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 'கண்ணாடி நரம்பணுக்கள்' உளவியலின் போக்கையே மாற்றும் என்று 2000-இல் அவர் எழுதியதைப் பின்பற்றியோரும் உண்டு, கடுமையாக மறுத்தோரும் உண்டு. ஏற்றவர் குரலும் மறுத்தவர் குரலும் கணக்கில் ஒன்றாகவே விழுகின்றன. குரல் கேட்டது என்பதற்கு எண் சான்று. சொன்னது உண்மை என்பதற்கு அன்று.

இதில் நம் கோட்டைக்குப்பத்து மீனவர் நமக்கு ஆசிரியராகலாம். பழவேற்காட்டு ஏரியில் இவர்கள் கைக்கொள்ளும் 'பாடு' முறை, வளமான இடமும் மெலிந்த இடமும் முறைமாறி எல்லார்க்கும் வாய்க்கச் செய்கிறது. மெலிந்த இடத்தில் வலையிட்டவனின் கூடையை மட்டும் பார்த்து அவன் தொழில் திறனை அளப்பது முறையாகாது. அறிவுலகிலும் அவ்வாறே. மருத்துவம் போன்ற பெருந்துறையில் மேற்கோள்கள் குவியும். சிலரே உழைக்கும் துறையில் அரிய கண்டுபிடிப்பும் சில மேற்கோள்களோடு நின்றுவிடும். இடத்தை நோக்காமல் கூடையை மட்டும் நிறுப்பது நீதியன்று. கட்டுரை வெளியான இதழின் எண்மதிப்பைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர் என்று 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கையும் வேண்டிக்கொண்டது.

எண்ணுவதே தீது என்பதன்று. புகழ்பெற்றோரின் தயவின்றி, அறியப்படாத இளைஞர் ஒருவரின் உழைப்பை எண் வெளிக்கொணர்ந்து காட்டலாம். ஆனால் எண்ணையே இலக்காகக் கொண்டவரின் கண், எதிரே வலியோடு அமர்ந்திருப்பவரை விட்டு விலகிக் கணக்கேட்டின்மேல் பதிந்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இல்லாத கையின் விரல்கள் பல்லாண்டுகளுக்குப் பின் விரிந்ததாக உணர்ந்த நோயாளி ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை. அவருடைய நன்றி எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. மேற்கோள் என்பது நன்றியின் ஒரு வடிவமே என்றால், அந்நன்றியின் பெரும்பகுதி கணக்கிற்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே ஒருவருடைய பணியை மதிப்பிடும் பொறுப்பு நம்மிடம் வரும்போது எண்ணைப் பார்ப்போம். அத்தோடு நில்லாமல் அவர் எழுதியதைப் படிப்போம். அதனால் யாருடைய துயர் தணிந்தது என்றும் கேட்போம்.