விரதமா, கோபமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோம். நல்லது. ஆனா வருஷம் முழுக்க நம்ம வீடுகள்ல வேற ஒரு பட்டினியும் நடக்குது. அம்மா திட்டினா "எனக்குச் சோறு வேணாம்". மனசுக்குப் பிடிச்சவங்க பேசலைன்னா தட்டை ஒதுக்குறது. "குண்டாயிட்டியே"ன்னு சொந்தக்காரங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, டயட்டுக்கு விரதம்னு பேர் வைக்கிறது. ஹாஸ்டல் தனிமையில ராத்திரி அளவில்லாம சாப்பிட்டுட்டு, அப்புறம் தன்னையே வெறுக்கிறது. அன்பில் பட்ட காயத்துக்கு வயிறு ஏன் தண்டனை அனுபவிக்கணும்?

நம்ம திருவாரூர்ப் பக்கத்துக் கதை ஒண்ணு. சுந்தரருக்காகத் தொடர்ந்து நெல் அனுப்பியவர் குண்டையூர் கிழார். மழை பொய்த்த காலத்தில், அனுப்ப முடியலையேங்கிற வருத்தத்தில் சாப்பிடாமலே படுத்துட்டார் என்கிறது பெரியபுராணம். மனசு வாடினா சோறு இறங்காது, அது இயல்பு. ஆனா சிவபெருமான் அந்தப் பட்டினியை மெச்சி நீட்டிக்கலை. நெல்மலையே தந்தார். அது திருவாரூர்த் தெருவெல்லாம் குவிய, அவரவர் வாசல் நெல்லை அவரவரே எடுத்துக்கச் சொன்னார் பரவையார்.

நம்ம அப்பன் முருகனும் மாம்பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் பழனிக்குப் போனவர்தான். அங்கே பிரச்சினை பழமா? "என் மேல அன்பு இருக்கா?" என்பதுதானே! ஆனா அதே முருகன், சூரனை வெல்லப் போகும்முன், நாகை போற வழியில் இருக்கிற சிக்கலில் தாய் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குறார். கோபம் நிலைக்கலை, உறவு நிலைச்சது. பலமும் அங்கிருந்துதான் வந்தது.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு பிற்கால உறவுகளையும் தொடரும் என்றார் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர். அந்தப் பிணைப்பில் பயம் உள்ளவர்களிடம் உணவுச் சிக்கலும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்லுது. அதுக்காக எல்லாப் பழியையும் பெத்தவங்க மேல போட முடியாது. காரணங்கள் பல.

அப்போ விரதத்தை எப்படி அடையாளம் காண்றது? எனக்குத் தோணுறது இதுதான்: விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, பாரணை உண்டு. அன்னிக்கு நாலு பேரோட உட்கார்ந்து சந்தோஷமா சாப்பிடுவோம். யாராவது வந்து கெஞ்சணும்னு காத்திருக்கிற பட்டினிக்கு முடிவே இல்லை. அது முருகனுக்கு இல்லை, அந்த ஆளுக்கு.

கோபத்தை வாயால சொல்லுங்க, வயித்தால சொல்லாதீங்க. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிற பழக்கம்னு இருந்தா டாக்டரைப் பாருங்க. 14416, டெலி மானஸ், இலவசம். உதவி கேட்கிறது பக்திக் குறைவு இல்லை. முருகனே அம்மாகிட்ட வேல் கேட்டு வாங்கினவர்தானே!

முருகா சரணம்!