அரண்மனை ஆமென் சொன்னால் சபையும் ஆமென் சொல்லவேண்டுமா?



இந்த மாதம் 1 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். யெரொபெயாம் பத்து கோத்திரங்களுக்கு ராஜாவாகிறான். சிங்காசனம் கிடைத்துவிட்டது, ஆனால் தூக்கம் போய்விட்டது. ஏன்? ஜனங்கள் பண்டிகைக்கு எருசலேமுக்குப் போனால் மனசு மாறி ரெகொபெயாம் பக்கம் சாய்ந்துவிடுவார்களே என்கிற பயம். அவன் முழங்காலில் நிற்கவில்லை. ஆலோசனைக் கூட்டம் போட்டான். வந்தது இரண்டு பொன் கன்றுக்குட்டிகள், ஒன்று பெத்தேலில், ஒன்று தாணில். ஜனங்களிடம் என்ன சொன்னான் தெரியுமா? அவ்வளவு தூரம் நடந்து ஏன் கஷ்டப்படணும் என்று ரொம்ப அக்கறையாகப் பேசினான். கணக்கு நாற்காலிக் கணக்கு, பேச்சு மட்டும் பக்திப் பேச்சு! ஜனங்களும் போனார்கள். அவன் செத்த பிறகும் அந்தப் பழக்கம் சாகவில்லை. அவனுக்குப் பின்வந்த ராஜாக்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் வேதம் அவன் பேரையும் இழுத்துக்கொண்டே வருகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நம் சபைக் குடும்பங்களில் அநேகருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். லீவுக்கு வந்தால் கேட்கிறார்கள்: “பாஸ்டர், அங்கே பிரசிடெண்டே ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிச்சுட்டாரு. போதகர்மாரும் சிலர் ஆதரிக்கிறாங்க. நாம மட்டும் ஏன் பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கோம்?” நல்ல கேள்வி. அதட்டி உட்கார வைக்கக்கூடாத கேள்வி.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1996-ல் சிகாகோவில் பராக் ஒபாமா மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது, ஒரு பத்திரிகை அனுப்பிய கேள்வித்தாளில் ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்க ஆதரவு என்று பதில் கொடுத்து கையெழுத்தும் போட்டிருந்தார். பிறகு பெரிய பதவிக்கு ஆசைப்பட்டபோது பேச்சு மாறியது. 2008 ஆகஸ்ட் 16-ம் தேதி கலிபோர்னியாவில் சாடில்பேக் சபையில் போதகர் ரிக் வாரன், விவாகம் என்றால் என்ன என்று கேட்டார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேருவது, கிறிஸ்தவனாகிய எனக்கு அது பரிசுத்தமான காரியம் என்று ஒபாமா சொன்னார். சபையில் கைதட்டல் எழும்பியது. 2012-ல் திரும்பவும் மாறினார்.

அவருடைய ஆலோசகராயிருந்த டேவிட் ஆக்ஸல்ராட் 2015-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார்: இந்தக் காரியத்துக்கு எதிர்ப்பு இருந்தது, அதிலும் கறுப்பின சபைகளில் பலமாக இருந்தது, அதனால்தான் ஒபாமா வெளியே வேறு மாதிரி பேசினார் என்று. ஒபாமா அதை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை, ஆக்ஸல்ராட் கலந்து குழப்பிவிட்டார் என்கிற மாதிரி பதில் சொன்னார். இருதயத்தை அறிகிறவர் கர்த்தர் ஒருவரே. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 2012-ல் அவர் ஆதரவு சொன்னதற்காக எத்தனை பேர் துக்கப்பட்டார்கள்! 2008-ல் நமக்குப் பிடித்ததைச் சொன்னபோது, இது விசுவாசமா வோட்டா என்று யார் யோசித்தார்கள்? சபையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன் நாளைக்கு வேறு முகத்தைப் பார்த்தும் பேசுவானே ஐயா!

இது ஒரு மனுஷனின் கதையும் அல்ல. விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற மத்திய அரசுச் சட்டத்தில் 1996 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டவர் பில் கிளின்டன். 2013-ல் அதே கிளின்டன், அந்தச் சட்டம் தள்ளுபடியாகவேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். 1996-ல் செனட்டில் அதற்கு 85 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் ஒருவர் ஜோ பைடன். அவரே ஜனாதிபதியாகி, 2022 டிசம்பர் 13-ம் தேதி அந்தச் சட்டத்தை நீக்கி ஒரே பாலினத் திருமணத்தைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கொடி.

2012 மே மாதத்து அந்த ஒரு வாரத்தைக் கவனியுங்கள். ஞாயிறு, 6-ம் தேதி பைடன் டி.வி.யில் ஆதரவாகப் பேசினார். செவ்வாய், வட கரோலினா மாநில ஜனங்கள் அதற்கு எதிராக ஏறக்குறைய 61 சதவீதம் வோட்டுப் போட்டார்கள். புதன், ஒபாமா தன் ஆதரவை வெளிப்படையாக அறிவித்தார். பத்து நாளில், 1909-ல் ஆரம்பித்த கறுப்பின மக்களின் பழைய உரிமைச் சங்கமும் ஆதரவுத் தீர்மானம் போட்டது. மேரிலாந்து மாநிலத்தில் மார்ச் மாதம் எடுத்த ஒரு சர்வேயில் கறுப்பின வாக்காளரில் ஆதரவு 39 சதவீதம். மே மாதக் கடைசியில் அதே சர்வேக்காரர் எடுத்தபோது 55! நவம்பரில் அந்த மாநிலம் 52 சதவீதத்தோடு ஆதரித்து வோட்டுப் போட்டது. மேய்னும் வாஷிங்டன் மாநிலமும் அன்றைக்கே ஆதரித்தன. அதற்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஜனங்கள் வோட்டுப் போட்டு இதற்குத் தடை போட்டிருந்தார்கள். 2015 ஜூன் 26-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொல்லி தேசம் முழுவதற்கும் அதைச் சட்டமாக்கிவிட்டது.

மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வேதத்தில் ஒரு எழுத்து மாறியதா? இல்லையே. அதே பைபிள், அதே ஞாயிறு ஆராதனை. மாறினது என்ன? தாங்கள் உயிராய் நேசித்த ஒரு தலைவர் வாய் திறந்தார், அவ்வளவுதான்.

“பார்த்தீங்களா, அந்தக் கட்சியே அப்படித்தான்” என்று சிலர் சந்தோஷப்படவேண்டாம். மறுபக்கத்தையும் பாருங்கள். காலப் என்ற சர்வே நிறுவனம் ஒவ்வொரு வருஷமும் கேட்டுவருகிறது. ரிபப்ளிக்கன் கட்சிக்காரரில் ஒரே பாலினத் திருமணத்தை ஆதரித்தவர்கள் 2022-ல் 55 சதவீதம். 2025-ல் 41. அந்த மூன்று வருஷத்தில் அவர்கள் எல்லாரும் உபவாசித்து வேதத்தை ஆராய்ந்தா மாறினார்கள்? கட்சியின் காற்று மாறியது. நமக்கு இஷ்டமான பக்கம் மாறினதால் அதை எழுப்புதல் என்று சொல்லிவிடலாமா? பிரபுக்களை நம்பாதே என்று 146-ம் சங்கீதம் நம்மை எச்சரிக்கிறது. நமக்குப் பிடித்த பிரபுவுக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். ஒபாமா அந்தப் பேட்டியில் கிறிஸ்துவின் தியாகத்தையும், பிறர் உனக்கு எப்படிச் செய்ய விரும்புகிறாயோ அப்படியே நீயும் செய் என்ற பொன்விதியையும் ஆதாரமாகச் சொன்னார். அது நம் ஆண்டவருடைய போதனைதான், மறுக்க முடியாது. எந்த மனுஷனையும் எப்படி நடத்தவேண்டும் என்பதற்கு அது பிரமாணம். விவாகம் என்றால் என்ன என்பதற்கோ ஆண்டவரே மத்தேயு 19-ல் ஆதியாகமத்துக்குத் திரும்பிப் போகிறார். நம் சபை நிற்கிற இடம் அதுவே. மேரிலாந்தில் சில போதகர்கள், அரசாங்கத்தின் சட்டம் வேறு, சபையின் விவாகம் வேறு என்று பிரித்துப் பேசி ஆதரித்தார்கள். அந்தச் சட்டத்திலும், தன் விசுவாசத்துக்கு விரோதமான திருமணத்தை எந்தப் போதகரும் நடத்தவேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. இது யோசிக்காமல் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல, வாலிபர் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் ஜனாதிபதி பேசுகிறவரைக்கும் அந்த வாதம் தோன்றாமல், பேசின மறுவாரம் மட்டும் தோன்றினால், அங்கே ஜாக்கிரதை! ஆகாபின் முன்னால் நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாய்ப் பேசினார்கள். மிகாயா ஒருவன்தான் சிறைச்சாலை அப்பம் தின்றான்.

இன்னொரு தலைவரையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஒஹாயோவின் ராப் போர்ட்மேன், ரிபப்ளிக்கன் செனட்டராயிருந்தவர். 1996 சட்டத்தைக் கொண்டுவந்தவர்களோடு அவரும் சேர்ந்திருந்தார். 2011-ல் அவர் மகன், அப்பா எனக்குத் தன்பாலின ஈர்ப்பு இருக்கிறது என்று பெற்றோரிடம் சொன்னான். இரண்டு வருஷம் கழித்து, 2013 மார்ச்சில், அவர் தன் நிலையை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். வந்து சேர்ந்த முடிவில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைக்கும்போது என் வாய் அடைத்துப்போகிறது. ஒரு மகன் தன் தகப்பனிடம் போய்ச் சொல்ல முடிந்தது. தகப்பன் உட்கார்ந்து கேட்டார்.

நம் வீடுகளில் எந்தப் பிள்ளையாவது அப்படி வந்து சொல்ல முடியுமா? சொன்னால் என்ன நடக்கும்? அடி விழும். பிசாசு பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராய் இழுத்துப் போவார்கள். சபையில் சாட்சி கெட்டுப்போகும் என்று வீட்டைவிட்டே துரத்துவார்கள், அல்லது அவசரமாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்து அவள் வாழ்க்கையையும் கண்ணீராக்குவார்கள். இதற்கு எந்த வசனம் இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம்! கெட்ட குமாரனின் தகப்பன் வாசலைப் பூட்டவில்லை. பிரசங்கபீடத்தில் நின்று இப்படிப்பட்டவர்களைக் கேலி பேசி ஜனங்களைச் சிரிக்கவைக்கிற ஊழியக்காரரும் உண்டு. கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிற ஒரு வாலிபன் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை அவர்கள் மறந்துபோகிறார்கள்.

நம் தேசத்திலும் 2023 அக்டோபர் 17-ல் உச்சநீதிமன்றம், இது பாராளுமன்றம் தீர்மானிக்கவேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டது. நாளைக்கு இங்கேயும் மேடைகளில் தலைவர்கள் பேசுவார்கள். ஒருவர் ஆதரித்தும், ஒருவர் எதிர்த்தும், இரண்டு பேரும் வோட்டை எண்ணிக்கொண்டும்.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மூன்று காரியங்களை வைக்கிறோம். அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்காக, 1 தீமோத்தேயு 2-ல் பவுல் சொன்னபடி, பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காமல் ஜெபிப்போம். அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்காகவும் அங்குள்ள சபைகளுக்காகவும் ஜெபிப்போம். பெற்றோரிடம் சொல்ல முடியாமல் தனிமையில் அழுகிற வாலிபருக்காக, பெயர் கேட்காமல், விசாரிக்காமல் ஜெபிப்போம். அப்படிப்பட்ட பாரம் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இருந்தால் எனக்குக் கடிதம் எழுதுங்கள், அல்லது ஆராதனை முடிந்தபின் தனியே வந்து பாருங்கள். கடிதங்களை நான் ஒருவன்தான் பிரிக்கிறேன். ஜெபக்குழுவுக்குக்கூட அவை போகாது.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்