பாதிச் சம்பளம்

கண்டியில் வீணை வகுப்பு நடத்துகிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் சிங்களத் தாய்மார் எப்படியும் குத்தில கதையை எடுத்துவிடுவார்கள். ஜாதகக் கதைதான், 15ஆம் நூற்றாண்டில் வெத்தேவே தேரர் ‘குத்தில காவிய’மாகப் பாடியதால் பள்ளிக்கூட நாளிலேயே அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. காசி அரசவையில் ஏழு நரம்பு வீணை வாசித்த குத்திலர், உஜ்ஜயினியிலிருந்து வந்த மூசிலனை முதலில் ஏற்கவில்லை. கண் தெரியாத தாய் தகப்பனின் சொல்லைத் தட்ட முடியாமல் சேர்த்துக்கொண்டார். சேர்த்த பிறகு எதையும் ஒளிக்கவில்லை. கற்று முடித்தவன் அரசவையில் வேலை கேட்டான். குருவுக்குக் கொடுப்பதில் பாதி தருகிறேன் என்றான் அரசன். வித்தை ஒன்றுதானே, சம்பளம் மட்டும் ஏன் பாதி என்று மூசிலன் போட்டிக்கு நின்றான். தேவராசன் சக்கரன் சொல்லிக்கொடுத்தபடி குத்திலர் நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஏழும் போன பிறகும் வெறும் தண்டு பாடியது. மூசிலனும் அறுத்தான், ஓசை நின்றது. சனம் அவனை அடித்தே கொன்றது.

தாய்மார் இதைக் குருபக்திக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாதிச் சம்பளம்தான் உறுத்துகிறது. தேவாரம் பாடி, வீணை சொல்லிக்கொடுத்து, மாத முடிவில் காசு எண்ணுகிறவள் நான். வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரம் வரை என்னிடம் படித்த பிள்ளை கட்டுகஸ்தோட்டையில் தனி வகுப்புத் தொடங்கினால், என்னிலும் குறைவாக வாங்கு என்று சொல்ல முடியுமா? கடவுளுக்குப் பாடுகிறவர்கள் காசு பேசலாமா என்றும் கேட்கிறார்கள். தலதா மாளிகையில் பூசை வேளைக்கு மேளம் கொட்டும் குடும்பங்கள் பரம்பரையாகக் கோயில் நிலத்தை அனுபவித்துத்தான் அந்த ஊழியத்தைச் செய்து வந்திருக்கின்றன. புண்ணியமும் வயிறும் அங்கே ஒன்றாகத்தான் இருந்தன.

மூசிலன் நன்றி கெட்டவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவராசனே ஒரு பக்கத்துக்குத் துணை நின்றது என்ன போட்டி? கடைசியில் குத்திலர்தான் புத்தரின் முற்பிறப்பான போதிசத்துவர், மூசிலன் அவரை எதிர்த்த தேவதத்தன் என்று ஜாதகம் கணக்கை முடித்துவிடுகிறது. என் கேள்வி முடியவில்லை: வித்தை யாருடையது?

எங்களிடமும் ஒரு யாழ்க்காரர் இருக்கிறார். எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர், மனைவி மதங்கசூளாமணியாருடன் சம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்துக்கொண்டே ஊர் ஊராகப் போனவர். தருமபுரத்தில் அவருடைய உறவினர், இவர் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பாட்டுக்கே பெயர் என்று பெருமை பேசினார்கள். அவர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடியருள வேண்டும் என்று அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. அதை உடைக்க ஓங்கிய கையைத் தடுத்து, முடிந்த மட்டும் வாசியும் என்று சம்பந்தர் யாழைத் திருப்பிக் கொடுத்தார். தோற்றவரை யாரும் அடிக்கவில்லை. மறுநாளும் அவருக்கு வேலை இருந்தது. இந்தக் கதைதான் எனக்குப் பிடித்தது.

ஆனாலும் முழுக்கப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். திருவாரூரில் யாழ்ப்பாணர் உள்ளே வர இறைவன் வடக்கே வேறு வாயில் வகுத்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். எல்லாரும் நுழைந்த வாயிலுக்கு என்ன குறை? பாணர் குலம் என்பதுதானே குறை? அருள் என்று கும்பிடுகிறேன், கும்பிடும்போதே இது குத்துகிறது. பாதிச் சம்பளமும் தனி வாயிலும் ஒரே அளவுகோலால் அளந்தவை.

பின்னால் யாழே வழக்கொழிந்து போனது. காரைதீவில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட வேண்டிவந்தது.

அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே பண்களும் மறந்துபோயிருந்தன. தில்லையில் செல்லரித்த தேவார ஏடுகளை மீட்ட சோழ மன்னனுக்கும் நம்பியாண்டார் நம்பிக்கும் சொற்கள்தான் கிடைத்தன, இசை கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண் அமைத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். தனி வாயிலால் வந்தவரின் வழியில் பிறந்தவளிடம் அரசன் போய் நிற்க வேண்டியிருந்தது.

குத்தில கதை சொன்ன தாய் ஒருவருக்குப் பதிலாக இதைச் சொன்னேன். அவர் மூசிலனை விட்டுவிட்டு, “அந்தப் பொம்பிளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது, டீச்சர்?” என்று கேட்டார். வீட்டிலே அம்மாவோ அம்மம்மாவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றேன்.