மிஞ்சிய பாகம்

பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டுகிறவனுக்குக் கடைசியில் மேஜைமேல் ஏதாவது ஒன்று மிஞ்சும். எஞ்ஜின் ஓடுகிறது, பாகம் வெளியே கிடக்கிறது. தன் திறமையைச் சந்தேகிப்பதா, பாகத்தைச் சந்தேகிப்பதா?

1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் உற்பத்தியான எம்ஜிபியை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர், 1798 சி.சி. எந்தப் பிஸ்டனும் சிலிண்டரைப் பூரணமாக அடைப்பதில்லை. எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி, கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்குகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு தானே வழி செய்துகொள்ளும். எஞ்ஜின் மூச்சுவிட்டாக வேண்டும். முதலில் வந்த கார்களில் இந்த மூச்சின் ஒரு பகுதி, கீழ்நோக்கிய குழாய் வழியே நேராக ரோட்டில் விடப்பட்டது. 1964-இல் ஏற்பாடு மாறிற்று. இன்லெட் மானிஃபோல்டின்மேல் காளான் வடிவில் ஒரு வால்வு. உள்ளே ரப்பர் டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங். மூச்சு திரும்ப எஞ்ஜினுக்குள்ளேயே போய் எரிந்தது.

மிஞ்சக்கூடிய பாகம் இதுதான். டயஃப்ரம் கிழிந்தால் வேண்டாத காற்று புகுந்து ஐட்லிங் கெடும். முன்பு வைத்திருந்தவன் வால்வைக் கழற்றித் துவாரத்தை அடைத்திருப்பான். எஞ்ஜின் முன்னைவிட ஒழுங்காகவே ஓடியிருக்கும். இல்லாமல் ஓடுகிறது, ஆகவே அவசியமில்லை: அவனுடைய தர்க்கத்தில் எஞ்ஜினைப் பொறுத்தவரை பிழை சொல்வது கடினம்.

ஆனால் அந்த வால்வின் அர்த்தம் எஞ்ஜினுக்குள் இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாவதை 1950-களில் காட்டினார். 1961-இல் கலிபோர்னியா, கார்களின் இந்த மூச்சை எஞ்ஜினுக்கே திருப்பும் சாதனத்தைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது. எம்ஜிபிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போனவை. ஓட்டுகிறவனுக்கு இந்தப் பாகத்தால் பெரிய சௌகரியம் ஒன்றுமில்லை. பின்னால் நடந்து வருகிறவனின் நெஞ்சுக்காக அது அங்கே இருக்கிறது. பிறனுக்காக வைக்கப்பட்டது, உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்கு எப்போதுமே உபரியாகத்தான் தெரியும். இது கார்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

அப்படியானால் புரியாததையெல்லாம் பக்தியோடு பூட்டிவிடலாமா? அதுவும் சோம்பேறித்தனமே. ஏதோ ஒரு பட்டறையில் அவசரத்துக்குச் செருகப்பட்ட துண்டுக் குழாயும் மர்மமாகத்தான் தோன்றும். மர்மம் என்பது பாகத்தின் குணம் அல்ல, நம் விசாரணை நின்றுபோன இடம்.

இன்னொரு சிக்கல். 1962-ஆம் வருஷத்துக் காரை நேர்மையாகப் புதுப்பிக்கிறவன் ரோட்டைப் பார்த்த அந்தக் குழாயைத்தான் பொருத்துவான். அது அசல். வால்வைச் சேர்த்தால் சரித்திரத்துக்குப் பொய். சேர்க்காவிட்டால் தெருவுக்குத் துரோகம், சிறிய அளவில்தான் என்றாலும். அசல் என்ற வார்த்தை, காருக்குக் காட்டும் விசுவாசத்தையே முழு நேர்மை என்று நம்பவைக்கிறது. அவன் எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சண்டையில்லை. குழாயை முடுக்கியபின் ஒருமுறை குனிந்து, அதன் வாய் எங்கே திறக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.