தவறு யார் கண்ணில் படவேண்டும்?

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 69. அழைத்தது பிரம்மஞான சபை. மூன்று மாதம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அடையாற்றுக் கரையில் சபையின் தோட்டத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த 300-க்கும் மேற்பட்டவர்கள் அவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பிரிட்டிஷ் அரசின் கண்ணுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மகனை முகாமில் வைத்தார்கள். தாய் சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். சில வாரங்களில் மகனை விட்டுவிட்டாலும், 1946 வரை அவர்கள் இந்தியாவிலேயே தங்கவேண்டி வந்தது. போர் தடுத்து நிறுத்தியதால் நம் ஊருக்கு வாய்த்த ஆசிரியை அவர்.

அவர் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கிறது. ஒரு நீள மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்துகிற, தலையில் சிறு குமிழ் வைத்த பத்து உருளைகள். மூன்று வயதுக் குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, திரும்பப் பொருத்த வேண்டும். சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டால் அது உள்ளே போய்விடும். குழந்தையும் நிம்மதியாக அடுத்ததை எடுக்கும். கடைசியில் ஒரு பெரிய உருளையும், அதை ஏற்காத ஒரு சின்னக் குழியும் மிஞ்சும். குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. எங்கே? பொருத்திய உருளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கும். ஆடுகிற ஒன்று அகப்படும்.

இதில் ஆசிரியை செய்ய வேண்டிய வேலை, வாயைத் திறக்காமல் இருப்பது. கட்டையே தவறைக் காட்டிக் கொடுக்கும்படி அம்மையார் அதை அமைத்திருந்தார். ‘இது இல்லை, அது’ என்று பெரியவர் கை நீட்டிய கணத்தில், குழந்தை கட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அடுத்த முறையும் முகத்தைத்தான் பார்க்கும்.

இந்தக் கட்டையை நான் இப்போது அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் கைபேசி. மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் மாலையில் கணக்குக் கேட்க வருவார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கணக்கோடு வந்தாள். ஒரு எண்ணிலிருந்து 4-ஐக் கழித்து, வருவதை 3-ஆல் பெருக்கினால், அதே எண்ணின் இருமடங்கோடு 5-ஐக் கூட்டிய விடை வர வேண்டும், எண் எது? அவள் 9 என்று எழுதியிருந்தாள். “தப்பு வருது ஆன்ட்டி, ஏஐ-கிட்ட காட்டட்டுமா?” என்று கைபேசியை எடுத்தாள். நோட்டைப் படம் பிடித்தால் போதும். அடைப்புக்குறிக்குள் இருந்த 4-ஐ நீ 3-ஆல் பெருக்கவில்லை என்று அது ஒரு நொடியில் சொல்லியிருக்கும், கனிவாகவும் சொல்லியிருக்கும். கொஞ்சம் இரு, அந்த 9-ஐயே கணக்கில் போட்டுப் பார் என்றேன். ஒரு பக்கம் 15 வந்தது, மறுபக்கம் 23. இரண்டும் ஒட்டவில்லை. வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தாள். பிறகு “ஐயோ, இந்த 4!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். விடை 17. அடுத்த கணக்கை முடித்ததும், நான் சொல்லாமலே, வந்த எண்ணைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தாள்.

அந்த ஒரு பழக்கம் அவளுக்குக் கைவந்தது அவளே தேடியதால்தான். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைய விடை மட்டும் கிடைத்திருக்கும்.

நான் ஒரு மாலையில் ஒரு பெண்ணிடம் பார்த்ததைத் துருக்கியில் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு நடத்திய ஆய்வு அது; 2025-இல் வெளியானது. கணக்குப் பயிற்சியின்போது சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்றைப் பயன்படுத்தியவர்கள், பயன்படுத்தாதவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். பிறகு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தபோது அதே மாணவர்கள் 17 சதவீதம் பின்தங்கினார்கள். என்னை உலுக்கியது இந்த எண்கள்கூட இல்லை. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பது அந்த மாணவர்களுக்குத் தெரியவே இல்லை. உருளை ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் விரல் மரத்துப்போய்விட்டது.

அதே ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த கருவி விடையைச் சொல்லாது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தபடி குறிப்பு மட்டும் தரும். பயிற்சியில் அவர்கள் இன்னும் மேலே போனார்கள். தேர்வில் அவர்களுக்குப் பெரிய சேதம் நேரவில்லை. அதிக லாபமும் இல்லை. ஆகவே இயந்திரத்தையே பழிப்பது நியாயமில்லை. அது எந்த இடத்தில் வாயைத் திறக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

“நாங்கள் மட்டும் என்ன, கோனார் நோட்ஸை வைத்துத்தானே பாஸ் பண்ணினோம்” என்று தி.நகரில் டியூஷன் சென்டர் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் சொல்வதுண்டு. கோனார் உரை எல்லார் கையிலும் ஒன்றாகவே இருந்தது. வாத்தியாருக்கும் அதன் வரிகள் மனப்பாடம். அதை நம் மண்டையில் ஏற்றவாவது நாம் உழைத்தோம். நம் நோட்டில் நாம் போட்ட கணக்கின் எந்த வரியில் பிசகு என்று அது சொன்னதில்லை.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளை, டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூசும் பிள்ளை: இவர்களுக்கு இரவு பத்து மணிக்கும் சலிக்காமல் தமிழில் விளக்குகிற ஒன்று கையில் இருப்பது பெரிய வரம். அந்த வரத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வீட்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற எனக்கு இல்லை. ஆனால் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் கடுமையாகத் தாக்கப் போவதும் இந்தப் பிள்ளைகளைத்தான். ‘நீயே போட்டாயா, எப்படிப் போட்டாய், சொல்லு’ என்று கேட்க அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. அந்தக் கேள்வியைப் பள்ளிதான் கேட்க வேண்டும்.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுக்க வாங்கிக்கொண்டாலும் அது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. இலக்கண நூலுக்குப் பொதுப்பாயிரம் எழுதுகிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அது எனக்குத் தீராத வியப்பு. உலகத்திலேயே சிறந்த ஆசிரியராக ஒரு இயந்திரம் வந்து உட்கார்ந்தாலும் அதனால் தரமுடிந்தது அந்தக் கால் பங்கு. மிச்சத்துக்குத் தோழி வேண்டும், சண்டை வேண்டும், தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தனக்கே புரியவில்லை என்று தடுமாறும் அந்த இடம் வேண்டும்.

அடையாற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில், 1980-களின் தொடக்கத்தில் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசியபோது திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி ஒன்று உண்டு. மூளை செய்துவந்ததையெல்லாம் கணினி செய்யத் தொடங்கிவிட்டால் மனித மூளை என்ன ஆகும்? ஒன்று கேளிக்கையில் கரையும், அல்லது தனக்குள் திரும்பித் தன்னை அறியும் என்றார். வீட்டுக் கணினியே அபூர்வமாக இருந்த காலம் அது. இன்று பதில் சொல்லவேண்டிய கட்டத்தில் நாம் நிற்கிறோம். 2026-27 கல்வியாண்டு முதல், மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடத்தில் சேர்ப்பதாக மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு கற்றலை எப்படி மேம்படுத்தும் என்று ஆராய, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் ஐஐடி மெட்ராசுக்கு 5 லட்சம் டாலர் தருவதாக 2025-இல் சொன்னது. நல்லது, ஆராயட்டும். தேர்வு மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் அவர்கள் அளக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்: தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் திறன் அந்த மாணவனிடம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

பள்ளிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதைக் குறைத்துவிட்டு, வகுப்பிலேயே கையால் எழுதும் முதல் முயற்சிக்கு இடம் கொடுக்கலாம். அடித்துத் திருத்திய பக்கத்தை அசிங்கம் என்று கிழிக்கச் சொல்லாமல், அதையும் சேர்த்து வாங்கிப் பார்க்கலாம். இயந்திரத்தின் விடையை வகுப்பில் வைத்து, இதில் எங்கே பிசகு என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லலாம். வாரத்தில் ஒருநாள் பாடத்தைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் எடுக்கட்டும். இதற்கெல்லாம் காசு ஆகாது, நேரம் ஆகும். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர்களிடமிருந்து நாம் பிடுங்கிக்கொண்டதும் அந்த நேரத்தைத்தான், அதைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்.

இன்று ராத்திரி உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு கணக்கை எடுத்து, அது எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறினாலும் அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள்.